பற்பசையும் கிருமியும்: திருச்சானூர் இளம் பல் மருத்துவருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த தம்பிக்கு,

திருச்சானூரில் பத்மாவதித் தாயார் கோயிலுக்குப் போகும் வீதியில் சிறிய அளவில் பல் மருத்துவமனை ஒன்றைத் திறந்திருப்பதாகவும், வருகிற நோயாளிகளில் பாதிப்பேர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே “எந்தப் பேஸ்ட் நல்லது, டாக்டர்?” என்று கேட்பதாகவும், அதற்குத் தக்க ஆதாரத்தோடு பதில் சொல்லவேண்டும் என்ற ஆவலினால் கடைத்தெருவில் கிடைக்கும் பற்பசைகளையெல்லாம் வாங்கி, அவை வாய்க் கிருமிகளை எந்த அளவுக்கு ஒடுக்குகின்றன என்று பரீட்சித்துப் பார்க்கத் திட்டமிட்டிருப்பதாகவும் எழுதியிருந்தாய். கடிதத்தோடு இணைத்திருந்த வரைவையும் நிதானமாகப் படித்தேன். சுவரில் பட்டச் சான்றிதழை மாட்டிய கையோடு பரீட்சையிலும் இறங்க நினைக்கும் உன் சிரத்தை எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. நீ கேட்டிருப்பது இந்தத் தொழிலில் புதிதாக அடியெடுத்து வைக்கும் எல்லோருக்கும் எழுகிற கேள்வியாதலால், பலரும் படிக்கும்படி பகிரங்கக் கடிதமாகவே பதில் எழுதுகிறேன்.

உன் வரைவில் உள்ள பரீட்சை நம் பல் மருத்துவக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் மாணவர்கள் செய்துவருவதுதான். ஆகார் கூழைப் பெட்ரி தட்டில் ஊற்றி உறையவிட்டு, அதன்மேல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் சொத்தைக் கிருமியைப் பஞ்சுக் குச்சியால் தட்டைத் திருப்பித் திருப்பி மூன்று முறை சீராகத் தடவி, தீயில் காட்டி ஆறவைத்த துளைப்பானால் எட்டு மில்லிமீட்டர் அகலத்தில் சிறு குழிகளை வெட்டி, கிருமி நீக்கிய நீரில் கரைத்த பற்பசையை அக்குழிகளில் அளந்து விட்டு, 37 பாகை வெப்பத்தில் ஒரு நாள் வைத்திருந்தால், மறுநாள் தட்டு முழுவதும் கிருமிகள் மங்கலான படலமாகப் படர்ந்திருக்க, குழிகளைச் சுற்றி மட்டும் ஒன்றும் முளைக்காத தெளிந்த வளையங்கள் தென்படும். தட்டைக் கவிழ்த்துப் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராக அளவுகோலை வைத்து வளையத்தின் விட்டத்தைக் குறித்துக்கொள்கிறோம். ஒன்றுக்குப் பதினெட்டு, மற்றொன்றுக்குப் பன்னிரண்டு, வேறொன்றுக்கு வளையமே இல்லை என்று எண்கள் வரிசையாக விழும்போது, எந்தப் பசை சிறந்தது என்ற கேள்விக்கு விடை கண்ணெதிரே கிடைத்துவிட்டதைப் போன்ற ஒரு திருப்தி உண்டாகிறது.

அந்தத் திருப்தியைத்தான் நீ முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இத்தகைய பரீட்சைகளின் முடிவுகளை வரிசையாக வைத்துப் படித்தால், ஓரிடத்தில் மூலிகைப் பசை முதலிடம் பெற்றிருக்கும். மற்றோரிடத்தில் அதே வகைப் பசைக்கு வளையம் அநேகமாக இராது. இன்னோரிடத்தில் எல்லாம் ஏறத்தாழச் சமமாக முடிந்திருக்கும். பரீட்சித்தவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு மருந்து கிருமியைக் கொல்லும் திறத்தோடு, அது ஆகார் கூழுக்குள் எவ்வளவு எளிதாக ஊறிப் பரவுகிறது என்பதும் சேர்ந்துதான் வளையமாக வெளிப்படுகிறது. நீரில் கரையும் சிறு மூலக்கூறு விரைந்து ஓடிப் பெரிய வளையம் போடும். கிராம்பு, புதினா முதலியவற்றின் எண்ணெய்ச் சத்தோ, வீரியம் இருந்தும், நீர்ப்பற்றுள்ள அந்தக் கூழுக்குள் இறங்க மாட்டாமல் குழியோரத்திலேயே தங்கிவிடும். இது போதாதென்று, அநேகப் பசைகளில் நுரைக்காகச் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்பேட் என்னும் சவுக்காரப் பொருளே இந்தக் கிருமிக்குப் பகையானது. வேம்பின் பெயரால் விற்கப்படும் பசையில் நுரைப்பொருளும் இருந்து வளையம் விழுமானால், விழுந்தது வேம்பினாலா நுரையினாலா என்று அந்தத் தட்டு உனக்குச் சொல்லாது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பெட்ரி தட்டில் எச்சில் இல்லை, ஈறு இல்லை; எல்லாவற்றுக்கும் மேலாக, பல்லே இல்லை. குழியில் விட்ட பசை இருபத்து நான்கு மணி நேரம் அங்கேயே கிடந்து ஊறுகிறது. வாயிலோ பெரும்பாலோர் பசையை இரண்டு நிமிஷங்கூட வைத்திருப்பதில்லை. அதற்குள்ளேயும் எச்சிலில் கரைந்து அதன் வீரியம் பலமடங்கு குறைய, பிறகு சொம்புத் தண்ணீரால் கொப்பளித்து மிச்சத்தையும் துப்பிவிடுகிறார்கள். தட்டில் தனித்தனியாக, புதிதாக, பாதுகாப்பின்றி முளைக்கும் கிருமிக்கும், பல்லின்மேல் தன்னைச் சுற்றிப் பசைக்கூடு கட்டிக்கொண்டு வாழும் கிருமிக்கும் உள்ள வித்தியாசமோ சொல்லி முடியாது. பத்ம சரோவரத்தின் படிகளில் படியும் பாசியை நீ பார்த்திருப்பாய். அதன்மேல் எத்தனை குடம் தண்ணீரை ஊற்றினாலும் அது வழுக்கிக்கொண்டு அங்கேதான் இருக்கும், துடைப்பத்தாலோ கல்லாலோ தேய்த்தால்தான் பெயரும். பற்படலத்தின் சுபாவமும் அதுவே.

இந்த உண்மையை முதன்முதலாகக் கண்டு சொன்னவர் மருத்துவரல்லர், ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்துவந்த ஆன்டனி வான் லேவன்ஹூக் என்பவர் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது. தினந்தோறும் உப்பினால் பல் துலக்கும் வழக்கமுடைய அவர், அப்படியும் பல்லிடுக்கில் எஞ்சிய வெண்ணிற மாவுப்பொருளைத் தாமே கடைந்தெடுத்த கண்ணாடி வில்லையின் வழியே நோக்கி, அதில் துள்ளித் திரியும் சிற்றுயிர்களைக் கண்டு, 1683ஆம் ஆண்டு லண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதினார். அதோடு நில்லாமல், காரமான காடியை வாயில் வைத்துக் கொப்பளித்தும் பார்த்தார். வெளியே எடுத்த மாவில் காடியைக் கலந்தால் அவ்வுயிர்கள் உடனே மடிகின்றன, ஆனால் காடியால் கொப்பளித்த பிறகும் பல்லிடுக்கிலிருந்து எடுத்த மாவில் அவை உயிரோடு திரிகின்றன. ஆகவே படலத்தின் மேற்புறத்தில் உள்ளவற்றைத்தான் காடி கொன்றதேயன்றி உள்ளே ஊடுருவவில்லை என்று அவர் முடிவு செய்தார். உன் பெட்ரி தட்டுக்கும் நோயாளியின் வாய்க்கும் உள்ள தூரத்தை மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே அளந்துவிட்ட மனிதர் அவர். புதிதாக வரும் ஒவ்வொரு பல் மருத்துவரும் அந்தக் கடிதத்தை ஒருமுறையாவது படிக்கவேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

கிருமி தானே பல்லைக் கடித்துத் தின்பதில்லை என்பதை உனக்கு நான் விரிக்க வேண்டியதில்லை. பெர்லின் நகரில் இருந்து ஆராய்ந்த அமெரிக்கரான மில்லர், நாம் உண்ணும் மாவையும் சர்க்கரையையும் கிருமிகள் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலமே பல்லைக் கரைக்கிறது என்று 1890இல் நிலைநாட்டினார். லண்டனில் கிளார்க் 1924இல் சொத்தைப் பல்லிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். வாயின் அமிலநிலை ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து சுண்ணச் சத்தும் பாஸ்பேட்டும் வெளியேறத் தொடங்குகின்றன. எச்சில் அந்த அமிலத்தை ஆற்றி, வெளியேறிய சத்தைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஒருமுறை இனிப்புத் தின்றால் அரைமணி முதல் ஒருமணி நேரத்துக்குள் இந்த ஏற்றத்தாழ்வு சமனாகிவிடும். திருச்சானூர்க் கடைவீதியில் காலை முதல் இரவு நடை சாத்தும் வரை கல்லாவில் உட்கார்ந்தபடி மணிக்கொருமுறை சர்க்கரை போட்ட காப்பியோ தேநீரோ குடித்துக்கொண்டிருக்கும் வியாபாரியின் வாயில்தான் அந்தச் சமன் திரும்ப அவகாசமே கிடைப்பதில்லை. எப்போதோ ஒரு நாள் உண்ணும் லட்டுப் பிரசாதத்தைக் குற்றம் சொல்லி அவரைப் பயமுறுத்தாதே. நாள் முழுவதும் உறிஞ்சும் காப்பியைப் பற்றிக் கேள்.

புளோரைடின் மகிமையை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். பசையில் உள்ள அளவில் அது பெட்ரி தட்டில் பிரமாதமான வளையம் ஒன்றும் காட்டாது. கிருமியின் சர்க்கரைச் செரிமானத்தை ஓரளவு முடக்குகிறது என்பது உண்மையே. ஆனால் அதன் பெருந்தொழில், எனாமலோடு சேர்ந்து, கரைந்த இடத்தில் முன்னைவிட அமிலத்துக்கு அதிகம் ஈடுகொடுக்கும் புதிய படிகத்தை அமைப்பதேயாகும். பல்லே இல்லாத தட்டில் அத்தொழில் எப்படித் தெரியும்? எழுபது பரீட்சைகளைத் திரட்டி 2003இல் காக்ரேன் குழுவினர் செய்த மதிப்பீட்டில், புளோரைடு பசை பயன்படுத்திய பிள்ளைகளுக்குச் சொத்தை ஏறத்தாழ 24 சதவிகிதம் குறைந்திருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் புளோரைடு பற்பசையைத் தன் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. நம் தேசத்துச் சட்டப்படி பற்பசையில் புளோரைடு ஆயிரம் பி.பி.எம்.முக்கு மேற்படக் கூடாது. எவ்வளவு இருக்கிறது என்பதைக் குழாயிலும் அட்டைப் பெட்டியிலும் அச்சிடவும் வேண்டும். எந்தப் பேஸ்ட் நல்லது என்று கேட்பவரிடம், வீட்டில் இப்போது இருக்கும் குழாயைக் கொண்டுவரச் சொல்லி, அந்தச் சிறிய எழுத்தைப் படித்துக் காட்டு. ஆயிரத்தை ஒட்டிய எண் அச்சிட்டிருந்தால், அவர் வேறு பேஸ்ட் வாங்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இராது. குழாயின் அடியில் உள்ள வண்ணச் சதுரம் பச்சையாயிருந்தால் மூலிகை, கறுப்பாயிருந்தால் ரசாயனம் என்று கைபேசிகளில் சுற்றிவரும் கதையையும் அப்போதே தெளிவித்துவிடு. அது குழாயை எந்த இடத்தில் வெட்டி ஒட்டுவது என்று தொழிற்சாலை இயந்திரத்துக்குக் காட்டும் அடையாளந்தான்.

கிருமியைக் கொல்வதையே பெருமையாகக் கொண்டு வந்த பசையின் சரித்திரமும் உனக்குப் பயன்படும். டிரைக்ளோசான் என்னும் மருந்தை, பல்லின்மேல் நெடுநேரம் ஒட்டி நிற்கும்படி ஒரு பிணைப்புப் பொருளோடு சேர்த்த கோல்கேட் டோட்டல் பசையை அமெரிக்க அரசு 1997இல் அனுமதித்தது. பெட்ரி தட்டுகளிலும் அது நன்றாகவே தேறியது. மனிதர்களிடத்தில் நடந்த பரீட்சைகளை 2013இல் தொகுத்தபோது, பற்படலமும் ஈறு வீக்கமும் 22 சதவிகிதமும் ஈற்றில் ரத்தம் கசிவது 48 சதவிகிதமும் குறைந்ததாகத் தெரிந்தது. மெய்யான நன்மைதான், இருந்தும், சொத்தையில் சாதாரண புளோரைடு பசையைவிட அதிகப்படியாகக் கிடைத்த குறைவு ஐந்து சதவிகிதமே. அப்பால், அந்த மருந்து உடலிலும் நீர்நிலைகளிலும் சேர்வதைப் பற்றிய கவலைகள் எழுந்து, 2016இல் அமெரிக்காவில் கைகழுவும் சோப்புகளிலிருந்து அது விலக்கப்பட்டது. 2019இல் அந்த நிறுவனமே அதைப் பசையிலிருந்து எடுத்துவிட்டு வேறு சேர்மானத்துக்கு மாறியது. வாயில் குடியிருக்கும் நூற்றுக்கணக்கான வகை நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. சில வகைகள் சொத்தைக் கிருமிக்கு இடம் கொடுக்காமல் காத்துநிற்கின்றன. ஆன்டிபயாடிக் மருந்தால் அவை மடியும்போது காளான் இனமான கேண்டிடா தலையெடுப்பதை மருத்துவமனையில் நீயே கண்டிருப்பாய். எல்லாவற்றையும் கொன்றொழிப்பது வைத்தியத்தின் லட்சியமாக இருக்க முடியாது.

வேப்பங்குச்சியோடு வரும் பெரியவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து உன்னிடம் வருகிறவர்களில், தெலுங்கில் ‘வேப புல்ல’ என்று சொல்லிக்கொண்டு தோளில் துண்டோடு வந்து உட்காரும் முதியவர் ஒருவராவது இருப்பார். அவரை இகழாதே. பதமாக மென்று நுனியைத் தூரிகையாக்கிக்கொண்ட குச்சி, பற்படலத்தைத் தேய்த்துப் பெயர்க்கும் காரியத்தைத் திறமையாகச் செய்கிறது. வேம்பின் சத்துக்குக் கிருமிகளை ஓரளவு தடுக்கும் ஆற்றலும் உண்டு. ஆனால் குச்சி கடைவாய்ப் பற்களின் உட்புறத்துக்கும் பல்லிடுக்குக்கும் எளிதில் போவதில்லை, அதில் புளோரைடும் இல்லை. முரட்டுத்தனமாகப் பக்கவாட்டில் இழுத்துத் தேய்ப்பவர்களுக்கு ஈறு இறங்கி, பல்லின் கழுத்தில் பள்ளம் விழுந்திருப்பதையும் பார்ப்பாய். காலையில் குச்சியே இருக்கட்டும், இரவில் படுக்கப் போகுமுன் பிரஷும் பேஸ்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீ சொன்னால் அவர் கேட்பார். குச்சியை எறியச் சொன்னால் உன்னை எறிந்துவிட்டுப் போவார். கரித்தூள், செங்கல் பொடி, காவிக்கல் கலந்த சிவப்புப் பொடி ஆகியவற்றில் இந்தத் தாட்சண்யம் வேண்டாம். அவை எனாமலையே தேய்த்துவிடும். புகையிலை கலந்த பல்பொடியை மத்திய அரசு 1992இலேயே தடை செய்துவிட்டது. ஆயினும் புகையிலையை வறுத்துப் பொடித்து ஈற்றில் தேய்க்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. கிராமத்துப் பெண்கள் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கன்னத்தின் உட்புறத்தை விரலால் ஒதுக்கி நீயேதான் பார்த்தறிய வேண்டும்.

பற்களில் பழுப்புக் கறையோடு வருகிறவர்கள், புளோரைடு என்ற பேரைக் கேட்டதுமே மிரளுவார்கள்; அதில் நியாயமும் உண்டு. இந்தியாவில் புளோரைடு நோயைப் பற்றிய முதல் விரிவான அறிக்கை, அந்நாளில் சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த உங்கள் அண்டை ஜில்லாவான நெல்லூரிலிருந்துதான் 1937இல் வெளியாயிற்று. ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவரும், கிணற்று நீரில் மிகுந்திருந்த புளோரைடு ஜனங்களின் பல்லையும் எலும்பையும் எவ்வாறு கெடுத்தது என்பதை அதில் விவரித்தார்கள். இன்றும் பிரகாசம், அனந்தபுரம் பக்கங்களில் அந்த உபாதை தீர்ந்தபாடில்லை. ஆனால் அது வருஷக்கணக்கில் நாள்தோறும் குடித்த தண்ணீரால் வந்தது. பசையோ தேய்த்துத் துப்பப்படுவது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி அளவும், ஆறு வயது வரை பட்டாணி அளவும் போதும், விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தாயாரிடம் சொல். உன் விரல் நுனியில் அந்த அளவை வைத்தும் காட்டு. விளம்பரங்களில் பிரஷ் நிறையப் பாம்பு வளைவாகப் பிதுக்கிய பசையைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது மிகக் குறைவாகத் தோன்றும். ஆகையால் காட்டாமல் சொல்வதில் பயனில்லை.

ஈறு வீங்கி ரத்தம் வடியும் நோயாளிக்குப் பசையின் பெயரைக் காட்டிலும் கையின் பழக்கம் முக்கியம். டென்மார்க்கில் லோயும் அவருடைய தோழர்களும், ஆரோக்கியமான ஈறுடைய பன்னிரண்டு பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொல்லிக் கவனித்து, பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழன்றதையும், மறுபடி துலக்கத் தொடங்கியபின் ஒரு வாரத்தளவில் அது தணிந்ததையும் 1965இல் பிரசுரித்தார்கள். இதை நோயாளிக்கு வாயால் விளக்குவது கடினம். எரித்ரோசின் சாயத்தைப் பஞ்சில் நனைத்து அவர் பல்லில் தடவி, ஒருமுறை கொப்பளிக்கச் செய்து, கையில் ஒரு கண்ணாடியைக் கொடு. அன்று காலையில்தான் நன்றாகத் துலக்கிவிட்டு வந்ததாகச் சத்தியம் செய்பவரின் கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்திலும், ஈற்றின் விளிம்பு நெடுகிலும், கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாலும் சாயம் சிவப்பாக ஏறி நிற்கும். அவர் தாமே பிரஷை எடுத்து அந்தச் சிவப்பு போகும்வரை தேய்க்கட்டும். பிரஷை ஈற்றோரமாகச் சாய்த்துப் பிடிக்க நீ கைபிடித்துக் காட்டலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும், திருப்பதி ஸ்விம்ஸ் போன்ற மருத்துவமனைகளில் இதய வால்வுக்குச் சிகிச்சை பெற்றுவருகிறவர்களுக்கும் இதை ஒருமுறைக்கு இருமுறை செய்து காட்டு. வாயிலிருந்து ரத்தத்தில் இறங்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனம் பழுதுபட்ட வால்வில் போய்த் தங்கும் அபாயம் அவர்களுக்கு உண்டு. குளோர்ஹெக்சிடின் கொப்பளிநீர் எழுதிக் கொடுப்பதாயின், அது பல்லைக் கறைப்படுத்தும், நாக்கின் ருசியை மாற்றும் என்பதைச் சொல்லி, குறுகிய காலத்துக்கு மட்டும் கொடு. பசையின் நுரைப்பொருள் அதன் வீரியத்தை முறித்துவிடுமாதலால், பல் துலக்கி அரைமணி நேரமாவது கழித்தே கொப்பளிக்கச் சொல்.

இனி உன் வரைவுக்கு வருகிறேன். பரீட்சையைக் கைவிடச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. செவ்வனே செய்தால் அதற்கும் ஓர் இடம் உண்டு. சண்டிகர் நுண்ணுயிர்ச் சேகரத்திலிருந்து எம்.டி.சி.சி. 890 என்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் வகையை வரவழைக்கப் போவதாக எழுதியிருக்கிறாய், அது சரியே. அதோடு உன் நோயாளிகள் சம்மதித்தால், அவர்களுடைய பற்படலத்திலிருந்து எடுத்த கிருமிகளையும் சேர்த்துக்கொள். வெறும் நீருக்கு ஒரு குழி, குளோர்ஹெக்சிடினுக்கு ஒரு குழி வைத்திருக்கிறாய். பசையில் உள்ள அதே அளவு நுரைப்பொருளை மட்டும் கரைத்து மூன்றாவது குழி ஒன்றும் கட்டாயம் வை, அந்தக் குழியின் வளையத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால்தான் மூலிகைக்கும் மருந்துக்கும் உரிய பங்கு துலங்கும். பசையை நீரில் ஒரே செறிவில் கரைக்காமல், சம அளவு, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று என்று படிப்படியாக நீர்க்கவைத்துப் பார். குழாய்களின் பெயரை மறைத்து எண்களிட்டு, வளையத்தை அளப்பவருக்கு எது எதுவென்று தெரியாமல் வேறொருவரை அளக்கச் சொல். வசதி கிடைத்தால், பிடுங்கி எறியும் பற்களிலிருந்து வெட்டிய எனாமல் துண்டுகளின்மேல் கிருமிப்படலத்தை வளரவிட்டு, பசைக்கரைசலில் இரண்டே நிமிஷம் நனைத்துக் கழுவி, உயிரோடு எஞ்சியவற்றை எண்ணிப் பார். அது சிரமமான வேலைதான். ஆனால் நூறு வளையங்களை அளப்பதைவிட அப்படி ஒரு துண்டை எண்ணுவது வாய்க்கு அணுக்கமான சேதியைச் சொல்லும். எந்த நிறுவனத்தாரிடமிருந்தும் இலவசக் குழாயை ஏற்காமல், காசு கொடுத்துக் கடையிலேயே வாங்கி, ரசீதையும் தயாரிப்பு எண்ணையும் பத்திரப்படுத்து. கடைசியில் எந்தப் பசையும் மற்றவற்றைவிடத் தெளிவாக மேம்பட்டு நிற்காமற் போகலாம்; அப்படி நேர்ந்தால் அந்த முடிவையும் ஒரு வரி குறையாமல் எழுதி அச்சுக்கு அனுப்பு, ஏனெனில் அத்தகைய முடிவுகள் மேசை அறைகளிலேயே தங்கிவிடுவதால்தான் விளம்பரக்காரர்களின் வளையங்கள் மட்டும் ஜனங்களின் கண்ணில் படுகின்றன. அனுப்புமுன் பிரதி ஒன்று எனக்குத் தபாலில் வரட்டும். அட்டவணைகளை உட்கார்ந்து சரிபார்த்துத் தருகிறேன்.

ஆசிகளுடன்,
உன் நலம் விரும்பும் மூத்த பல் மருத்துவன்